கண் வந்து உட்காரும் இடம்

ருகர் 10/22 ரைஃபிளை வாங்கின கோலத்திலேயே விட்டுவைத்திருக்கும் ஆளை அமெரிக்காவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1964-ல் ஸ்டர்ம் ருகர் கம்பெனி இதை வெளியிட்டபோது விலை 54 டாலர் 50 சென்ட். .22 லாங் ரைஃபிள் தோட்டா, பத்து ரவுண்டு பிடிக்கிற சுழல் மேகசின், ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு குண்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். அணில், முயல் வேட்டைக்கும் பையன்களுக்குக் குறிபார்க்கச் சொல்லிக்கொடுக்கவும் என்று வந்தது. இன்றைக்கு இதற்கு வெளியார் செய்து விற்கும் உதிரி பாகங்களின் சந்தை எப்படி என்றால், ருகர் செய்த ஒரு திருகுகூட இல்லாமல் ஒரு முழு 10/22-வைக் கோத்துவிடலாம். பேரல் (குழல்), போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் இரும்புத் துண்டு), ட்ரிக்கர் (விசை), கட்டை (தோளிலும் கன்னத்திலும் பதியும் பகுதி), இவற்றையெல்லாம் கோத்து வைக்கும் உடலான ரிசீவர் வரைக்கும் எல்லாமே வேறு ஆட்கள் செய்கிறார்கள்.

இந்த வசதிதான் தொல்லையும். எதையெல்லாம் மாற்ற முடியுமோ அதையெல்லாம் மாற்றிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். யூட்யூபைத் திறந்தால் நீல நிற அலுமினியம், கார்பன் ஃபைபர் சுற்றிய பேரல், விமான பாகம் மாதிரி துளைபோட்ட கட்டை. நான் அந்தப் பக்கம் போகாமல் தப்பித்ததற்குக் காரணம் என் புத்திசாலித்தனம் இல்லை. ஒரு போட்டியின் விதிப் புத்தகம்.

ஒஹாயோவில் இருக்கிறேன். ஈரி ஏரிக்கரையில் போர்ட் கிளின்டன் ஊருக்குப் பக்கத்தில் கேம்ப் பெர்ரி என்று ஒரு ராணுவத் தளம் உண்டு. 1907-லிருந்து அமெரிக்க தேசிய துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கு அதுதான் களம். அந்தப் போட்டிகளை நடத்தும் சி.எம்.பி. (சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம்) அமைப்பு சாமானியர்களுக்காக ‘ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர்’ என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறது. கடையில் வாங்கும் சாதாரண .22 ரைஃபிள் போதும். கனமான கோட்டு, கையுறை, ஆயிரக்கணக்கான டாலர் பெறுமான ஒலிம்பிக் ரைஃபிள் எதுவும் வேண்டாம். 50 கெஜத்தில் குப்புறப் படுத்தும் உட்கார்ந்தும், 25 கெஜத்தில் நின்றுகொண்டும் சுட வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் ஒரு சுற்று நிதானமாக, ஒரு சுற்று வேகமாக. வேகச் சுற்று என்றால் அரை நிமிடத்துக்குள் ஐந்து குண்டு. மொத்தம் அறுபது குண்டு, 600 புள்ளி.

விதிகள் மூன்று முக்கியம். ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) தோள் வாரும் சேர்த்து ரைஃபிள் ஏழரை பவுண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. விசை குறைந்தது மூன்று பவுண்டு இழுவை தாங்க வேண்டும். ஸ்கோப் ஆறு மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டக் கூடாது. இந்த மூன்றையும் தாளில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டியதுமே சந்தையில் கிடைக்கும் பாதி சாமான் தானாகவே கழன்று விழுந்துவிட்டது.

நடுவில் அம்மாவைச் சொல்லாமல் போனால் கணக்குத் தீராது. வீடியோ காலில் பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, “என்னடா அது, பீரோவா?” என்றார். துப்பாக்கி வைக்கும் பெட்டகம் என்றேன். “உனக்கு எதுக்குடா துப்பாக்கி? அங்க யாராவது மெரட்டுறாங்களா?” போட்டிக்கு என்று விளக்கினேன். “என்.சி.சி.-ல சுட்டது பத்தலையா?” என்று கேட்டு வைத்துவிட்டார். அவர் கேட்டதில் விஷயம் இருந்தது. மதுரைப் பக்கம் கல்லூரியில் என்.சி.சி.-யில் இருந்தவர்களுக்கு .22 டீலக்ஸ் ரைஃபிள் தெரியாமல் இருக்காது. 25 கெஜத்தில் குப்புறப் படுத்து ஐந்து ரவுண்டு சுடுவோம். பலகையில் ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதுதான் குரூப்பிங். நடுவில் பட்டதா என்று ஹவில்தார் கேட்கவே மாட்டார், சேர்ந்து விழுந்ததா என்றுதான் பார்ப்பார். சுட்டு முடித்தபின் புல்-த்ரூ கயிற்றில் கந்தல் துணியைச் சொருகி பேரலுக்குள் இழுக்கிற அந்த எண்ணெய் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக. ஹெச்-1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை சொல்கிறது, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தபிறகு அந்தத் தடை இல்லை. உரிமம் பெற்ற கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், அவர்கள் எஃப்.பி.ஐ.-யின் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார்கள். சட்டத்தின் கண்ணில் வரிசை எண் பொறித்த ரிசீவர்தான் துப்பாக்கி. பேரலும் கட்டையும் வெறும் சாமான், தபாலிலேயே வரும். நான் ரைஃபிளை முழுசாகத்தான் கடையில் வாங்கினேன். வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் ரைஃபிள் ஒரு பெட்டகத்தில், தோட்டா வேறொன்றில், இரண்டு சாவியும் வேறு வேறு இடத்தில்.

சரி, எதை மாற்றுவது?

பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 1.78 அங்குலம். 50 கெஜத்தில் இந்த வட்டத்துக்குள் குண்டுகள் விழுந்தால் போதும். கம்பெனி போட்டுக்கொடுத்த பேரலோடு, தனக்குப் பிடித்த தோட்டா கிடைத்தால், சராசரி 10/22 மணல்மூட்டை மேல் வைத்துச் சுடும்போது ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் குரூப் போட்டுவிடும். அதாவது பெட்டியிலிருந்து எடுத்த ரைஃபிளே பத்து வளையத்துக்குள் சுடத் தெரிந்ததுதான். எனக்குத்தான் தெரியாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் 10/22 வாங்கியவர்கள் செய்கிற முதல் செலவு புது பேரல். பிரபலமான தடித்த பேரல் 0.920 அங்குல விட்டம், முழு எஃகில் வாங்கினால் அது ஒன்றே எடைக் கணக்கில் பெரும் பங்கைத் தின்றுவிடும். ஸ்கோப்பும் வாரும் ஏறினால் தராசு ஏழரையைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்?

மாற்றுவது எளிது என்பது இன்னொரு சபலம். ரிசீவருக்குள் பேரல் சும்மா செருகி நிற்கிறது. அடியில் ஆங்கில ‘வி’ வடிவத்தில் ஓர் இரும்புக் கட்டி, அதில் இரண்டு திருகு, அவ்வளவுதான் பிடிமானம். ஆலன் சாவி ஒன்று இருந்தால் சமையலறை மேஜையிலேயே பேரலை மாற்றலாம். மற்ற ரைஃபிள்களில் இதற்குக் கிடுக்கி, பெரிய பிடிப்பான், கன்ஸ்மித் என்கிற துப்பாக்கி மெக்கானிக் எல்லாம் வேண்டும். ஆனால் இதே ஏற்பாட்டில் பலவீனமும் இருக்கிறது. பேரல் கனம் கூடக் கூட, முன்னால் தொங்கும் எடையை அந்த ஒற்றைக் கட்டி தாங்க வேண்டும். ரிசீவரைக் கட்டையோடு பிடித்திருப்பதும் ஒரே ஒரு திருகு. பின்னால் வேறு பிடி கிடையாது, முன்னால் பேரலைச் சுற்றி ஒரு பட்டை மட்டும். ஆகவே பேரலை விட்டுவிட்டு அந்த ஒற்றைத் திருகில் என் கவனம் போனது. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் அதே முறுக்கு வைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத சமாசாரம்தான், ஆனால் இறுக்கம் மாறினால் குரூப் இடம் மாறுவதை எத்தனையோ பேர் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

முன் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டேன். அது பேரலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது. ஈரத்தில் மரம் உப்பினால் அந்த இழுப்பும் மாறும்.

அடுத்தது ட்ரிக்கர். இதில் பணம் போட்டது வீணில்லை. கம்பெனி ட்ரிக்கர் ஆறு பவுண்டு பக்கம் இழுக்கும், நடுவில் கரடுமுரடாக ஒரு தேய்ப்பு. ஐந்து பவுண்டு ரைஃபிளில் ஆறு பவுண்டு விசை இழுத்தால் என்ன நடக்கும் என்று பௌதிகம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். விரல் இழுக்க இழுக்க, ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு பத்திலிருந்து எட்டுக்கு நகர்வது கண் எதிரே தெரியும். ருகரே விற்கும் மாற்று ட்ரிக்கர் ஒன்று இருக்கிறது, இரண்டே முக்கால் பவுண்டு என்று சொல்லி விற்கிறார்கள். அருமையான சாமான். ஆனால் இந்தப் போட்டிக்கு ஆகாது! மூன்று பவுண்டு எடைக்கல்லை விசையில் மாட்டி, ரைஃபிளைச் செங்குத்தாகத் தூக்குவார்கள். விசை விடுபட்டுவிட்டால் வெளியே. போட்டிக்கு முந்தின நாள் வரை இதைக் கவனிக்காமல் வந்து, பழைய ட்ரிக்கரைக் கடன் கேட்டு அலைபவர்களைப் பார்க்கலாம். நான் உள்ளூர் கன்ஸ்மித்திடம் கொடுத்து மூன்றரை பவுண்டில் நிறுத்தச் சொன்னேன். காலப்போக்கில் ஸ்பிரிங் தளர்ந்தாலும் மூன்றுக்குக் கீழே போகாத அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்.

இந்த ரைஃபிளில் ட்ரிக்கரைக் கழற்றுவதைப் பார்க்க வேண்டும். கட்டையிலிருந்து ரிசீவரை எடுத்ததும், பக்கவாட்டில் இரண்டு ஊசி. தள்ளக்கூட வேண்டாம், சாய்த்தாலே விழுந்துவிடும். ட்ரிக்கர் தொகுதி மொத்தமாகக் கையோடு வந்துவிடுகிறது. மேஜையில் பழைய துண்டு விரித்துக்கொண்டுதான் உட்காருவேன், இல்லாவிட்டால் ஊசி உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விடும். ரிசீவரின் பின்பக்கம் குறுக்கே மூன்றாவது ஊசி ஒன்று உண்டு. சுட்டவுடன் காலிக் கூட்டின் உதைப்பில் போல்ட் பின்னால் பாய்ந்து இந்த ஊசியில்தான் மோதும். எந்தப் பூட்டும் கிடையாது, போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும்தான் அழுத்தத்தைத் தாங்குகின்றன. .22-க்கு அது போதும். எஃகில் எஃகு மோதுவதால் ஒவ்வொரு சூட்டுக்கும் ‘டங்’ என்று ஒரு சத்தமும் ஓர் அதிர்வும். அதை எடுத்துவிட்டு பாலியூரித்தேன் ஊசி போட்டேன். விலை சில டாலர்தான். துல்லியம் கூடியதா என்றால் தெரியாது, சத்தம் ‘டொப்’ ஆனது. மேகசினை விடுவிக்கும் குமிழுக்கு ஒரு நீட்டல் போட்டது மட்டும்தான் அலங்காரக் கணக்கில் வரும்.

இனி ஸ்கோப். சொல்ல வந்ததே இதைத்தான்.

ஸ்கோப் என்றால் பெரிதாக்கிக் காட்டும் கருவி என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். 50 கெஜத்தில் பெரிதாக்குவதற்குப் பெரிய தேவை இல்லை. ஸ்கோப்பின் உண்மையான உபகாரம், குறியையும் குறுக்குக்கோட்டையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது. ஸ்கோப் இல்லாத வெறும் இரும்புக் குறியில் பின் குறி, முன் குறி, தூரத்துப் பலகை மூன்றையும் கண் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. நாற்பதைத் தாண்டிய கண்ணென்றால் கேட்கவே வேண்டாம். ஸ்கோப்பில் எல்லாம் ஒரே தெளிவில் நிற்கும்.

ஆனால் அது முழு உண்மை ஒரே ஒரு தூரத்தில் மட்டும்தான். லென்ஸ்கள் எந்தத் தூரத்துக்கு நிலைநிறுத்தப்பட்டிருக்கிறதோ அங்கே மட்டும் குறியின் பிம்பம் சரியாகக் குறுக்குக்கோட்டின் மேல் விழும். மற்ற தூரங்களில் பிம்பம் சற்று முன்னாலோ பின்னாலோ விழும். அப்போது கண்ணை அசைத்தால் குறுக்குக்கோடு குறியின் மேல் ஊர்வது போலத் தெரியும். இதுதான் பாரலாக்ஸ். பெரிய ரைஃபிள்களுக்கான ஸ்கோப்புகளை வழக்கமாக 100 கெஜத்துக்கு நிறுத்தியிருப்பார்கள். .22-க்கு என்று செய்தவை 50 கெஜத்துக்கு. கடையில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ‘ரிம்ஃபயர்’ என்ற எழுத்து மட்டும் கூட.

எவ்வளவு பிசகும்? கணக்கு எளிது. முன் லென்ஸின் விட்டத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, சுடும் தூரம் நிறுத்திய தூரத்திலிருந்து எத்தனை பங்கு விலகியிருக்கிறதோ அதனால் பெருக்கினால், அதிகபட்சப் பிசகு ஏறக்குறைய வந்துவிடும். என்னுடையது 32 மிமீ முன் லென்ஸ், 50 கெஜத்துக்கு நிறுத்தியது. 25 கெஜத்தில் நின்றுகொண்டு சுடும்போது: 16 மிமீ, அதில் பாதி, 8 மிமீ. பத்து வளையத்தின் ஆரம் 22 மிமீ-க்குக் கொஞ்சம் மேல். ஆக, மூச்சு, விசை, கை எல்லாம் கச்சிதமாக இருந்தும், கண் மட்டும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் வளையத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 100 கெஜத்துக்கு நிறுத்திய ஸ்கோப்பென்றால் அதே இடத்தில் 12 மிமீ, பாதிக்கும் மேலே.

கண் ஓரத்தில் இருந்தால் தெரிந்துவிடாதா, ஓரம் கறுத்துவிடாதா என்று கேட்பீர்கள். தெரியாது, அதுதான் சங்கடம். ஸ்கோப்பின் பின்பக்கத்திலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் விட்டம், முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். 32-ஐ 6-ஆல் வகுத்தால் 5.3 மிமீ. நல்ல வெயிலில் நம் கண்மணி சுருங்கி இரண்டு, மூன்று மிமீதான் இருக்கும். ஐந்து மிமீ வட்டத்துக்குள் இரண்டரை மிமீ கண்மணி எங்கே வேண்டுமானாலும் உலாவலாம், படம் முழுசாகத்தான் தெரியும். கறுப்பு நிழல் ஓரத்தில் எட்டிப்பார்ப்பதற்கு முன்பே பிசகு நடந்து முடிந்திருக்கும். உருப்பெருக்கத்தைக் குறைத்தால் உலாவும் இடம் இன்னும் கூடும். சுலபமாகத் தெரிகிறதே என்று சந்தோஷப்படுவோம்.

இதை நம்பாதவர்கள் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். காலி ரைஃபிள், போல்ட் திறந்து, அறைக்குள் மஞ்சள் பிளாஸ்டிக் கொடி செருகியிருக்க வேண்டும் (போட்டிகளில் இது கட்டாயம், வீட்டிலும் நான் அதையே பின்பற்றுகிறேன்). சுடுதளத்தில், எல்லோரும் சுட்டு ஓய்ந்த நேரத்தில் இல்லாமல், களம் திறந்திருக்கும்போதே, ரைஃபிளை முன்னும் பின்னும் மணல்மூட்டையில் அசையாமல் வைத்து, குறுக்குக்கோடு 25 கெஜப் பலகையின் நடுவில் நிற்கும்படி செய்துகொள்ளுங்கள். இப்போது ரைஃபிளைத் தொடாமல், தலையை மட்டும் மெதுவாக மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ரைஃபிள் அசையவில்லை, பலகை அசையவில்லை. கோடு மட்டும் நடுப்புள்ளியை விட்டு இறங்கி ஏறும். என் ரேஞ்சில் நாற்பது வருஷமாகச் சுடும் ஒரு பெரியவருக்கு இதைக் காட்டினேன். பார்த்துவிட்டு, “இத்தனை வருஷம் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன்” என்றார்.

தூரத்துக்கேற்ப பாரலாக்ஸைத் திருகிச் சரிசெய்யும் ஸ்கோப்புகளும் உண்டு. அதை வாங்கினால் தீர்ந்தது என்பார்கள். திருகில் பொறித்த எண்ணும் உண்மையான தூரமும் ஒத்துப்போவதில்லை என்பது ஒருபுறம். 50-லிருந்து 25-க்கு மாறும்போது அதைத் திருக மறப்பது மறுபுறம். போட்டியில் மண்டைக்குள் ஏற்கெனவே ஆயிரம் ஓடிக்கொண்டிருக்கும், திருகுவதற்கு இன்னொன்று எனக்கு வேண்டாம். பாரலாக்ஸுக்கு இன்னொரு மருந்து இருக்கிறது, அதற்குக் காசு அதிகம் ஆகாது. கண் எப்போதும் ஸ்கோப்பின் நடு அச்சில் வந்து உட்கார்ந்தால் எந்தத் தூரத்திலும் பிசகு இல்லை. அதாவது, மாற்ற வேண்டியது கட்டையை.

10/22-வோடு வரும் கட்டை இரும்புக் குறிக்காகச் செதுக்கப்பட்டது. கன்னம் பதியும் மேல்விளிம்பு தாழ்வாக இருக்கும். ஸ்கோப்பின் அச்சு பேரலுக்கு மேலே ஒன்றரை அங்குலம் போல நிற்கிறது. கன்னத்தைக் கட்டையில் வைத்தால் கண் ஸ்கோப்பின் அடியில் போகும். கண்ணை உயர்த்தினால் கன்னம் கட்டையை விட்டு எழும்பி, தாடை மட்டும் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும். அந்தரத்தில் நிற்கும் தலை ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். வேகச் சுற்றில், ஐந்து குண்டுக்கு இடையில், போல்ட் ஆடும்போதெல்லாம் தலை கொஞ்சம் எழும்பி மறுபடி இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் இறங்குவதற்கு ஏதாவது ஓர் ஆதாரம் வேண்டாமா?

யோகா விரிப்பு மாதிரியான அடர்ந்த நுரைப் பட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, கட்டையின் மேல் அடுக்கி, துணி டேப்பால் சுற்றினேன். பார்க்கக் கால் ஒடிந்தவனுக்குக் கட்டுப் போட்டது போலத்தான் இருக்கும். உயரம் சரியா என்று பார்க்கும் முறை இது: கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுவந்து, கன்னத்தை இயல்பாகப் பதித்து, கழுத்தைத் தளர்த்திவிட்டு, அப்புறம் கண்ணைத் திறக்க வேண்டும். வட்டம் முழுசாக, சுற்றிலும் சமமான கறுப்பு விளிம்போடு தெரிந்தால் சரி. அடியில் பிறை மாதிரி நிழல் தெரிந்தால் ஒரு துண்டைச் சேர்க்கணும், மேலே தெரிந்தால் உரிக்கணும். கண்ணைத் திறந்துகொண்டே செய்தால் பயனில்லை, கழுத்து தானாகவே திருத்திக்கொண்டு நம்மை ஏமாற்றிவிடும். சோதனைக்கு மட்டும் உருப்பெருக்கத்தை ஆகக் கூடுதலாக வைத்துக்கொள்வேன். வெளிவரும் வட்டம் சின்னதாகி, சிறு பிசகும் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

முன்பின் தூரம் அடுத்த சிக்கல். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே மூன்று நாலு அங்குல இடைவெளி வேண்டும். குப்புறப் படுத்தால் தலை முன்னால் நகரும், நின்றால் பின்னால் போகும், உட்கார்ந்தால் நடுவில். மூன்று நிலையிலும் தரையில் பாய் விரித்துப் பார்த்து, படுக்கையும் நிற்பும் இரண்டும் சமாளிக்கிற இடத்தில் ஸ்கோப்பை நிறுத்தினேன். நிற்கும்போது தலையை ஒரு நூல் முன்னால் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அது பரவாயில்லை, படுத்துச் சுடும்போது புருவத்தில் இடிக்காமல் இருந்தால் சரி.

ரிசீவரின் மேல் நாலு சிறு துளை, அதில் ஸ்கோப் தாங்கிப் பலகை. திருகுகள் மெல்லியவை, அளவுக்கு மீறி முறுக்கினால் மரை போய்விடும். வளையத் திருகுகளை 15-லிருந்து 18 அங்குல-பவுண்டுக்குள், முறுக்கு அளவு காட்டும் திருப்புளியால், குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்கினேன். குறுக்குக்கோடு நேராக நிற்கிறதா என்று பார்க்க இங்கே விதவிதமான நீர்மட்டக் கருவிகள் விற்கிறார்கள். நான் கொல்லைப்புற வேலியில் கொத்தனார் தூக்குக் குண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். ரைஃபிளை மட்டமாக வைத்து, ஸ்கோப் வழியே அந்த நூலைப் பார்த்து, நிற்கும் கோடும் நூலும் ஒன்றாகும் வரை குழாயைத் திருப்பினால் முடிந்தது.

ஜீரோ செய்வதில், அதாவது குறுக்குக்கோடு நிற்கும் இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருத்துவதில், இந்த ரைஃபிளுக்கு ஓர் அசௌகரியம். ரிசீவரின் பின்பக்கம் மூடியிருப்பதால், போல்ட்டை எடுத்துவிட்டுப் பேரல் வழியே எட்டிப் பார்த்துக் குறி வைக்கும் பழைய வித்தை இதில் நடக்காது. (அதனால்தான் சிலர் பின்னால் ஒரு துளை போட்டுக்கொள்கிறார்கள், சுத்தம் செய்யும் கம்பியும் பின்பக்கமாக நுழையும். எனக்குப் புல்-த்ரூ பழக்கம் இருப்பதால் அந்த வேலைக்குப் போகவில்லை.) ஆகவே 25 கெஜத்தில் பெரிய தாளில் தொடங்கினேன். தாளில் விழ ஆரம்பித்ததும் 50-க்கு. ஸ்கோப் திருகின் ஒவ்வொரு ‘கிளிக்’கும் கால் எம்.ஓ.ஏ. என்ற கோண அளவு. 100 கெஜத்தில் அது கால் அங்குலம், 50-ல் அரைக்கால் அங்குலம். குரூப்பின் நடு ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தால் எட்டுக் கிளிக் மேலே. ஒவ்வொரு குண்டுக்கும் திருகக் கூடாது, பத்துக் குண்டு சுட்டு, அதன் நடு எங்கே என்று பார்த்த பிறகுதான் திருக வேண்டும். மூன்று குண்டு நெருக்கமாக விழுந்ததைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் நாலாவதையும் ஐந்தாவதையும் காட்ட மாட்டார்கள். எங்கள் ஹவில்தார் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

50-ல் ஜீரோ செய்த ரைஃபிள் 25-ல் கால் அங்குலம் போல மேலே சுடும். போட்டிக்கு இது பொருட்டில்லை. 100 கெஜம் போனால் ஏழு அங்குலம் பக்கம் கீழே இறங்கிவிடும், அது வேறு விளையாட்டு.

தோட்டாவில்தான் இத்தனை நேரம் சேமித்த பணம் போனது. .22 தோட்டாவின் 40 கிரெய்ன் எடையுள்ள ஈயக் குண்டு சாதாரண வகையில் நொடிக்கு 1,070 அடி வேகத்தில் கிளம்பும், ‘ஹை வெலாசிட்டி’ வகையில் 1,200-க்கு மேல். ஒலியின் வேகம் சாதாரண வெப்பநிலையில் 1,125 அடி அளவில். வேகமான குண்டு ஒலிவேகத்துக்கு மேலே கிளம்பி, வழியிலேயே அதற்குக் கீழே இறங்கும். அந்த இடத்தில் குண்டு தள்ளாடும். மெதுவானது முதலிலிருந்தே கீழே இருப்பதால் அந்தக் குலுக்கல் அதற்கு இல்லை. ஆகவே மெதுவான வகைகளாகப் பார்த்து நாலைந்து பிராண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கினேன். ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, பழைய மெழுகும் ஈயமும் போய்ப் புதியது பேரலில் படிய ஒரு பெட்டியில் பாதி செலவாகும். அதற்குப் பிறகு விழுவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். என் பேரலுக்கு விலை உயர்ந்த ஜெர்மன் தோட்டாவை விட, அதில் பாதி விலையில் ஐடஹோவில் செய்யும் சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி நெருக்கமாகச் சுட்டது. அடுத்த வீட்டுக்காரரின் 10/22-வில் நேர்மாறு. காரணம் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், பேரலுக்கு ஜாதகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதே தொகுதி எண் போட்ட பெட்டிகளாகத் தேடி மொத்தமாக வாங்கி வைத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து, ஸ்கோப்போடும் வாரோடும் கல்யாண வீட்டுக் கறிகாய் நிறுக்கும் தராசு மாதிரி ஒன்றில் தொங்கவிட்டுப் பார்த்தால் ஏழு பவுண்டுக்குள்தான் இருந்தது. பேரலும் போல்ட்டும் ரிசீவரும் ருகர் கொடுத்தவை.

மனைவி ஒரு நாள் ரேஞ்சுக்கு வந்தாள். ரைஃபிளைத் தோளில் வைத்து இரண்டு நிமிஷம் தலையை இப்படியும் அப்படியும் நகர்த்திவிட்டு, “ஏங்க, இதுல எனக்கு ஒண்ணுமே தெரியல, கருப்பாத்தான் இருக்கு” என்றாள். கைகளால் முக்கோணம் செய்து தூரத்துக் கம்பத்தைப் பார்க்கச் சொல்லி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்ததில், வலக்கைக்காரியான அவளுக்கு இடக்கண்தான் ஆளும் கண். இடத்தோளுக்கு மாற்றினாள். நுரைப் பட்டை அவள் கன்னத்துக்கு உயரம் அதிகம், ஸ்கோப் அவள் கழுத்துக்கு எட்டாத தூரம், காலிக் கூடுகள் முகத்துக்கு எதிரே வலப்பக்கம் பறந்தன. ரேஞ்ச் பெரியவர் தன் வண்டியிலிருந்து ஸ்கோப் இல்லாத இன்னொரு 10/22-வைக் கொண்டுவந்து கொடுத்தார், பின்னால் சின்னத் துளை வைத்த இரும்புக் குறி போட்டது. சிறு துளை வழியே பார்த்தால் கண் தானாகவே நடுவைத் தேடிப் போகும், பாரலாக்ஸ் என்ற பேச்சே அதிகம் எழாது. அவள் சுட்ட பத்தும் சாப்பாட்டுத் தட்டு அளவில் விழுந்தன. இரண்டாவது பத்து, டீ சாஸர்.

ரிம்ஃபயர் ஸ்போர்ட்டரில் இப்படித் துளைக் குறி வைத்தவர்களும் ஸ்கோப் வைத்தவர்களோடு ஒரே வகுப்பில் சுடலாம். வீட்டுக்கு வரும் வழியில் அந்த மாதிரி குறி என்ன விலை என்று அவள்தான் கேட்டாள். ஸ்கோப்புக்கு நான் கொடுத்ததை விடக் குறைவுதான். இடது பக்கம் கூட்டைத் தள்ளும் ரிசீவரும் சந்தையில் உண்டு, அதற்கு மறுபடி கடைக்குப் போய் அவள் பெயரில் 4473 நிரப்ப வேண்டும்.